தேர்வு நாளில் கடற்பாசி சூப்

உன்சூ மடத்துக்கு வந்து தலையை மழித்துக்கொண்டபோது யோன்சிமுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய குரு சன்வோல் சுனிம் அவரைவிட ஏழு வயது இளையவர். கொரியாவில் துறவிகளை மரியாதையாகச் 'சுனிம்' என்பார்கள். சிஷ்யை வயதில் மூத்தவர் என்பதால் சன்வோல் சுனிம் அவரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். வேலை வாங்கும்போது மட்டும் அந்த மரியாதை பார்க்க மாட்டார்.

துறவுக்கு முன்னால் யோன்சிம் சியோலில் கணக்கு டீச்சர். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிற பெரிய நிலையம் ஒன்றில் கேமரா முன்னால் நின்று பாடம் எடுப்பார். நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைச் செல்போனில் போட்டுக் கேட்பார்கள். ஒரு பிள்ளையின் மாதிரித் தேர்வுத் தாளைக் கையில் கொடுத்தால் போதும், எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் பலிக்கும். பெற்றவர்கள் வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வசந்த காலத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டார். ஏன் என்று மடத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அது நவம்பர் மாதம். நுழைவுத் தேர்வு நாள். அந்த நாட்டில் மற்ற நாட்களுக்கும் அந்த ஒரு நாளுக்கும் சம்பந்தமே கிடையாது. பிள்ளைகள் போகிற சாலை நெரியாமல் இருக்க அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். நேரம் தவறிய பிள்ளையைப் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறப்பார். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதுகிற நேரத்தில் விமானம்கூடத் தரையிறங்காது. அம்மாக்கள் கோயிலுக்கு வருவார்கள். பிள்ளை எழுதுகிற நேரம் முழுவதும் விழுந்து விழுந்து கும்பிடுவார்கள். அங்கே பிள்ளைக்கு இடைவேளை விட்டால்தான் இங்கே அம்மாவுக்கும் இடைவேளை.

உன்சூ மடத்துக்கும் விடிந்ததிலிருந்து அம்மாக்கள் வந்துகொண்டிருந்தார்கள். யோன்சிம் பிரார்த்தனை மண்டபத்தில் விழுந்து கும்பிடுவதற்கான சிறு மெத்தைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் பிள்ளையின் போட்டோவைப் புத்தர் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு மெத்தையைப் பிடித்தார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. ஜுஹோவின் அம்மா, யேரினின் அம்மா என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

யோன்சிமுக்கு மனசு பொறுக்கவில்லை. கடைசி மெத்தையைக் கையில் பிடித்தபடியே குருவிடம் போய் நின்றார்.

"சுனிம், நூறு பிள்ளைகள் எழுதினால் அவர்கள் கேட்கிற இடம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இந்த அம்மாக்கள் எல்லோரும் அந்த ஒரே இடத்தைத்தான் கேட்கிறார்கள். புத்தர் யாருக்குக் கொடுப்பார்?"

சன்வோல் சுனிம் மண்டபத்தைப் பார்த்தார். பிறகு சிஷ்யையின் கையில் இருந்த மெத்தையைப் பார்த்தார்.

"அதைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள். மத்தியானம் இத்தனை பேரும் சாப்பிட வருவார்கள்."

இது பதில் இல்லை என்று யோன்சிம் நினைத்தார். ஆனால் போனார்.

முதல் தாள் தொடங்கி வெகு நேரம் ஆகியிருக்காது. மண்டபத்திலிருந்து, பிரார்த்தனைக்குக் கோலால் தட்டுகிற மரமணியின் ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. யோன்சிம் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. இருபது வயது தாண்டிய பெண். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. கூடையிலிருந்து வெந்நீர்க் குடுவையின் தலை எட்டிப் பார்த்தது. தேர்வு மண்டபத்துக்குப் பிள்ளைகள் எப்படிக் கிளம்பிப் போவார்கள் என்று யோன்சிமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வாசல் கதவைச் சாத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"உள்ளே வா," என்றார் அவர். "குளிர்கிறது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்."

அந்தப் பெண் உட்காரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கள் அந்தக் கணக்கு டீச்சர்தானே?"

யோன்சிம் கத்தியைக் கீழே வைத்தார். மொட்டைத் தலையையும் சாம்பல் நிற அங்கியையும் பார்த்து அதுவரை யாரும் அவரை அடையாளம் கண்டதில்லை.

"குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்," என்றாள் அவள். "நாலு வருஷமாகக் கேட்கிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் போட்டுத்தான் கேட்பேன். நீங்கள் இவ்வளவு நிதானமாகப் பேசுவீர்கள் என்று தெரியாது, டீச்சர்."

அவள் பெயர் சேபோம். அம்மா மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார் என்றாள். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. இது அவளுக்கு நான்காவது தேர்வு. மருத்துவப் படிப்புக்காக எழுதுகிறாள். முதல் தடவை நூலிழையில் போயிற்று. இரண்டாவது தடவை காய்ச்சல். மூன்றாவது தடவை ஏன் மதிப்பெண் இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் இப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷத்தை முடிக்கப் போகிறார்கள். இன்று காலை அம்மாதான் காரில் கொண்டுவந்து விட்டார். பாஸ் என்கிற பாக்கியம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூடக் கதவில் பிசுபிசுப்பான மிட்டாய் ஒன்றை ஒட்டினார். கூட்டம் மகளை மறைக்கும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார். வாசலில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேளம் அடித்து, போகிற வருகிற எல்லோரையும் வாழ்த்திக் கத்திக்கொண்டிருந்தார்கள். சேபோம் அவர்களைத் தாண்டிப் போனாள். உள்ளே நுழையாமல் கதவையும் தாண்டிப் போனாள். மதிலோரமாக நடந்து, அம்மாவின் கார் திரும்பியதும் பஸ் ஏறிவிட்டாள்.

"நான் எந்த முடிவும் எடுக்கவில்லை, டீச்சர். கால் நிற்கவில்லை. அவ்வளவுதான்."

அம்மாவிடம் நேரே சொல்லிவிடலாம் என்றுதான் மலையேறி வந்தாளாம். பக்கவாட்டுக் கதவு இடுக்கில் பார்த்தபோது அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கீழே விழுந்தால் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்திருக்க முடிகிறது அம்மாவால். முட்டி அவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நான் எப்போது அறையை விட்டு வெளியே வந்தேன், பார்ப்பதற்கு."

யோன்சிமின் மனசு பழைய பழக்கத்தில் ஓடத் தொடங்கியது. முதல் தாள் போய்விட்டது. ஒரு தாள் போனால் எல்லாம் போன மாதிரி. மாற்றுத் தேர்வு கிடையாது. இனி அடுத்த நவம்பர்தான். இவையெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா என்ன? அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். முதல் தாள் இடைவேளை வந்ததும் ஓடிப்போய்க் குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று கேட்டார்.

சன்வோல் சுனிம் நேரே அடுப்படிக்கு வந்தார். வணக்கம் சொல்ல எழுந்த பெண்ணை உட்காரச் சொன்னார்.

"பசிக்கிறதா?"

சேபோம் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்தது. அதைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அது இருக்கட்டும். உனக்கு என்ன சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது?"

அவள் வெகு நேரம் யோசித்தாள். பல வருஷமாக யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது.

"கடற்பாசி சூப்," என்றாள்.

யோன்சிமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொரியாவில் பிறந்தநாள் என்றால் வீட்டில் கடற்பாசி சூப்தான். பிள்ளை பெற்ற தாய்க்கும் அதுதான் கொடுப்பார்கள். ஆனால் தேர்வு எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் பேச்சையே எடுக்க மாட்டார்கள். பாசி வழுக்கும். சாப்பிட்டால் தேர்வும் வழுக்கிவிடும் என்று ஒரு பயம். படித்தவர்களுக்கும் உண்டு.

"முந்தாநாள் எனக்குப் பிறந்தநாள்," என்றாள் சேபோம். "தேர்வுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். நாலு வருஷம் ஆயிற்று, அந்த சூப் சாப்பிட்டு."

சன்வோல் சுனிம் சிஷ்யையைத் திரும்பிப் பார்த்தார். "அலமாரியில் உலர்ந்த பாசி இருக்கும். ஊறப் போடுங்கள்."

"சுனிம், இன்றைக்கா?" யோன்சிம் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லா அம்மாக்களும் இங்கேதான் சாப்பிட வருவார்கள். நல்லெண்ணெயில் பாசியை வதக்கினால் வாசலுக்கே வாசம் போகும்."

"போகட்டும். பிறந்தநாள் வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் எத்தனை நாள் தள்ளுவது?"

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மரமணி அடிக்கப் போய்விட்டார். இரண்டாவது தாள் தொடங்குகிற நேரம்.

யோன்சிம் பாசியை ஊறப் போட்டார். ஊறியதும் பிழிந்து, நறுக்கி, எண்ணெயில் வதக்கி, தண்ணீரும் சோயா சாறும் ஊற்றிக் கொதிக்க விட்டார். வெளியே மண்டபத்தில் அம்மாக்கள் கணக்குத் தாளுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேபோம் முட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்பையே பார்த்திருந்தாள். ஒரு தடவை மட்டும், இந்நேரம் எத்தனையாவது கேள்வி போகும் டீச்சர் என்று கேட்டாள். யோன்சிமுக்கு அது துல்லியமாகத் தெரியும். "உப்பு போதுமா, பார்," என்று கரண்டியை நீட்டினார்.

மத்தியானம் அம்மாக்கள் வரிசையாக வந்தார்கள். வாசலில் முதலில் வந்தவர் உயரமான ஒரு பெண்மணி. ஒரு கையில் மேல்கோட்டு மடித்துத் தொங்கியது. வாசம் மூக்கில் ஏறியதும் அவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அடுப்பில் கொதிப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. வருஷம் முழுக்க எத்தனையோ நாள் இருக்க, இன்றைக்கு இதைச் செய்ய வேண்டுமா என்று மட்டும் கேட்டார். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார். எல்லோருக்குமென்று வேறு குண்டானில் முள்ளங்கிக் குழம்பு இருந்தது. அதையும் தொடாமல் வெறும் சோற்றோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். பலரும் அவரைப் போலவே செய்தார்கள்.

எல்லோருக்கும் கடைசியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார் சேபோமின் அம்மா. அடுப்படியில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அடுத்த கணம் அவர் பார்வை மகளை விட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. அங்கிருந்து திரும்பவும் மகளுக்கு வந்தது. மகள் முன்னால் ஆவி பறக்கிற கிண்ணம் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்பி வெளியே போய்விட்டார்.

சேபோம் கரண்டியைக் கீழே வைத்தாள். யோன்சிம் அந்த அம்மாளின் பின்னால் போனார்.

கார் நிறுத்துகிற இடத்துக்குப் போகிற படியில் அவர் உட்கார்ந்திருந்தார். செருப்பு மாறியிருந்தது. வேறு யாருடையதோ. யோன்சிம் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் யோன்சிம். மருத்துவச் சான்று கொடுத்தால் என்றார் அவர். அதற்கும் இல்லை.

அந்த அம்மாள் யோன்சிமின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். யார் என்று அவரும் கண்டுபிடித்துவிட்டார். நான்கு வருஷமாக மகள் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கேட்ட குரல் ஆயிற்றே.

"நீங்கள் பார்த்தால் சொல்லிவிடுவீர்கள் என்பார்கள். சொல்லுங்கள் டீச்சர். அடுத்த வருஷம் எழுதினால் இவளுக்குக் கிடைக்குமா?"

எத்தனை ஆயிரம் பேருக்கு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார் யோன்சிம். நான்காவது தடவை எழுதுகிறவர்களில் எவ்வளவு பேருக்குக் கிடைக்கும், மதிப்பெண் ஒருமுறை இறங்கினால் எவ்வளவு பேருக்கு ஏறும், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த அம்மாளின் மாறிப்போன செருப்பைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார்.

"தெரியாதா?"

"எனக்குக் கணக்குத்தான் தெரியும், அம்மா. உங்கள் மகளைப் பற்றி இன்றைக்குத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். முந்தாநாள் அவளுக்குப் பிறந்தநாள்."

அந்த அம்மாள் சட்டென்று திரும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? காலையில் கிளம்பும்போதே பாசியை ஊறப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். பெரிய குண்டானில். தேர்வு முடிந்து சாயங்காலம் வந்ததும் நாலு வருஷத்துக்கும் சேர்த்துச் செய்து போடலாம் என்று." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார்.

யோன்சிம் அவர் முதுகில் கை வைக்கலாமா என்று யோசித்தார். பிறகு வைத்தார். துறவுக்கு முன்னாலும் பின்னாலும் அவர் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

அழுது முடித்து அந்த அம்மாள் அடுப்படிக்குத் திரும்பியபோது மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டிருந்தார்கள். சேபோமின் கிண்ணம் அப்படியே இருந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து, மகளின் கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"பூண்டு போடவில்லை," என்றார்.

"மடத்தில் பூண்டு போட மாட்டார்களாம்," என்றாள் சேபோம்.

"ஆறிப்போயிற்று. சூடு பண்ணித் தருகிறேன்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அம்மா சூடு பண்ணி ஊற்றினார். சேபோம் இரண்டு கிண்ணம் குடித்தாள். மூன்றாவது கிண்ணத்தில் கை வைத்தபோதே கண் சொருகிவிட்டது. யோன்சிம் பக்கத்து அறையில், கதகதப்பான தரையில் போர்வை விரித்துக் கொடுத்தார். படுத்ததும் தூங்கிப்போனாள். எத்தனை வருஷத் தூக்கமோ, வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினாள். அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். செல்போன் திரும்பத் திரும்ப அதிர்ந்தது. சேபோமின் அப்பாவாக இருக்கும். அம்மா எடுக்கவில்லை. அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கதை மண்டபத்தில் அதற்குள் பரவியிருந்தது. பகல் பிரார்த்தனைக்கு அம்மாக்கள் தங்கள் மெத்தைக்குப் போனபோது, சேபோம் அம்மாவின் மெத்தைக்கு இந்தப் பக்கம் இருந்த உயரமான பெண்மணி தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு முன் வரிசைக்குப் போனார். அந்தப் பக்கம் இருந்தவரும் எழுந்து போனார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளைகள் இன்னும் எழுதி முடிக்கவில்லை, இந்த வழுக்கல் தங்களுக்கும் ஒட்டிவிடுமோ என்ற பயம்.

ஆங்கிலத் தாள் தொடங்கியது. மரமணி நின்றது. ஒலிபெருக்கியில் வருவதைக் காதால் கேட்டு எழுதுகிற நேரம் என்பதால் மடத்திலும் ஓசை எழுப்புவதில்லை. வானத்தில் விமானம் இல்லை. கீழே சாலையில் வண்டிச் சத்தமும் இல்லை. அம்மாக்கள் எழுவதும் விழுவதுமாக உடையின் சரசரப்பு மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் சேபோமின் அம்மா மண்டபத்துக்குள் வந்தார். புத்தர் முன்னால் சாய்த்து வைத்திருந்த மகளின் போட்டோவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று யோன்சிம் நினைத்தார். அவர் கிளம்பவில்லை. தன் மெத்தைக்குப் போய் நின்று, கை கூப்பி, முட்டியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கி, நெற்றியைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். மறுபடியும் இறங்கினார். இரண்டு பக்கமும் வெறும் தரை.

யோன்சிம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து நின்ற குருவிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"சுனிம், இவர் பெண் அங்கே தூங்குகிறாள். தேர்வு மண்டபத்தில் இவருக்கென்று யாரும் இல்லை. இப்போது எதைக் கேட்டுக் கும்பிடுகிறார்?"

சன்வோல் சுனிம் சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளில் ஒன்றை எடுத்துச் சிஷ்யையின் கையில் கொடுத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவர் பக்கத்தில் இடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்."